குளோபிடோகிரலுடன் எந்த ‘கேஸ் மாத்திரை’? ஓமெபிரசோல், பாண்டோபிரசோல், ஃபமோடிடின் – ஓர் ஒப்பீடு

கோயம்புத்தூரில் இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு தாராபுரத்துக்கோ கோபிக்கோ திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும், அவற்றோடு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் இருக்கும். அந்த மூன்றாவது மாத்திரையைச் சாதாரண ‘கேஸ் மாத்திரை’யாக எண்ணி, தீர்ந்ததும் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் வேறொன்றை வாங்கிப் போடுவோரும் உண்டு, வயிற்றில் தொந்தரவு எதுவும் இல்லையே என்று அதை மட்டும் நிறுத்திவிடுவோரும் உண்டு. நிறுத்துவதுதான் இரண்டில் பெரிய ஆபத்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரு மருந்துகள் சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படாமல் காப்பதே அந்த மாத்திரையின் வேலை. ஏப்பத்துக்காக அது எழுதப்படவில்லை.

குளோபிடோகிரலைக் கல்லீரலிலுள்ள நொதிகள், முக்கியமாக சிஒய்பி2சி19 என்பது, மாற்றியமைத்த பிறகே அது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். ஓமெபிரசோலும் எசோமெபிரசோலும் அந்த நொதியையே மந்தமாக்குவதால், இவற்றைக் குளோபிடோகிரலுடன் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009 நவம்பரில் எச்சரித்தது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட்டால் போதும் என்று சொல்வது பயன் தராது. 12 மணி நேரம் தள்ளிப் போட்டாலும் தடை நீடிக்கிறது. தெற்காசியரில் கணிசமானோருக்கு இந்த நொதி பிறவியிலேயே வலுக்குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓமெபிரசோலுக்கு ஆதரவான சான்றும் இருக்கிறது. 3,761 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான கோஜென்ட் ஆய்வில், குளோபிடோகிரலுடன் ஓமெபிரசோல் எடுத்தவர்களுக்கு இரைப்பை, குடல் பாதிப்பு 2.9 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தது. இதயப் பாதிப்பு கூடவில்லை. ஆனால் நிதி நின்றுபோனதால் ஆய்வு பாதியில் முடிந்தது. ஆகவே அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அந்த நொதியை மிகக் குறைவாகவே பாதிக்கும் பாண்டோபிரசோல் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும்போது, ஐயத்துக்குரியதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பாண்டோபிரசோலைக் கேட்டால், டோம்பெரிடோன் கலந்த மாத்திரையைக் கடைக்காரர் நீட்டிவிடக்கூடும். டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால், இதய நோயாளி மருத்துவர் சொல்லாமல் அதை எடுக்கலாகாது.

ஃபமோடிடினுக்கு இந்த நொதிச் சிக்கல் இல்லை. ஆனால் இரைப்பைக்கு அது தரும் காப்பு சற்றுக் குறைவு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவையும் குறைக்க வேண்டும். பழைய பழக்கத்தில் ரானிடிடின் கேட்பவர்கள், இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து அது 2022இல் நீக்கப்பட்டதை அறிந்திருப்பது நல்லது.

செயற்கை இதய வால்வுக்காக வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் என்ற உறைவுத் தடுப்பு மருந்தை எடுப்பவர்களின் கணக்கு வேறு. அங்கே சிமெடிடின் என்ற அமிலக் குறைப்பி வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி இரத்தக் கசிவுக்கு இடம்தரும். ஓமெபிரசோலின் பாதிப்பு சிறியது. வேறு வகை உறைவுத் தடுப்பு மருந்துகளில், டாபிகாட்ரான் உட்கிரகிக்கப்பட அமிலம் தேவை என்பதால் அமிலக் குறைப்பிகளால் அதன் அளவு ஓரளவு குறையும். அபிக்ஸபானுக்கு அந்தக் கவலை இல்லை. வார்ஃபரினோ அசெனோகூமராலோ எடுப்பவர், எந்த அமில மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினாலும் நிறுத்தினாலும், மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.