பக்கத்து நகர மையங்களை இணைக்க: டிராம் வண்டியா, தனித்தட பஸ்ஸா?

நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு எத்தனை பேர் போகிறார்கள்? இந்தக் கணக்கைப் போடாமல் மற்றதைப் பேசுவது வீண்.

3,000 பேர் என்றால், 120 பேர் ஏறும் 18 மீட்டர் இணைப்புப் பஸ் (நடுவில் வளையும் இரட்டைப் பெட்டிப் பஸ்) மணிக்கு 25 முறை ஓடினால் போதும். பஸ் வரும்போது பச்சை விழும்படி சிக்னல் முன்னுரிமை கொடுத்துச் சமாளிக்கலாம். அதுவே 6,000 ஆனால் 72 விநாடிக்கு ஒரு பஸ். சிக்னல் சுற்றே 90 விநாடி இருக்கும்போது முன்னுரிமை பலிக்காது. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு வண்டிகளைச் சேர்த்து 400 பேர் ஏறும் டிராம் நான்கு நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அதே கூட்டத்தை ஏற்றிவிடும்.

டிராமில் பணத்தை விழுங்குவது தண்டவாளத்தைவிட, அடியில் கிடக்கும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கேபிளும்தான். பழைய நகர மையங்களில் வரைபடம் ஒன்று சொல்லும், தோண்டினால் வேறொன்று வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் 2014இல் தாமதமாக ஓடத் தொடங்கியதற்குக் குழாய் மாற்றும் வேலையும் முக்கியக் காரணம்.

பஸ்ஸுக்கு அந்தத் தலைவலி குறைவு. ஆனால் நிறுத்தங்களில் தார் வேண்டவே வேண்டாம். ஒரே இடத்தில் பிரேக் போட்டுப் போட்டுச் சக்கரப் பள்ளம் விழும். பஸ் தளம் நடைமேடையைவிடத் தாழ்ந்து, சக்கர நாற்காலி ஏறாது. கான்கிரீட்தான் தாங்கும்.

மேடு செங்குத்தாக இருந்தால் பஸ்தான்.

கனடாவின் ஆட்டவா நகரம் 1983இல் பஸ் தடம் திறந்தது. மையத்தில் பஸ்கள் தேங்கின. 2019இல் ஒரு பகுதி ரயிலானது. கூட்டம் பெருகும் என்று தெரிந்தால், பின்னால் டிராமாக மாற்ற வசதியாக, பஸ் தடத்தின் வளைவுகளை 25 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் அமையுங்கள், குழாய்களை இப்போதே ஓரத்துக்கு நகர்த்துங்கள்.