நாகர்கோவில் சாலைக்கு ஒரு கார், களக்காட்டுச் சாலைக்கு ஒரு கார்

அத்தான் கார் மாற்றப் போகிறார். பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் இரண்டு கொட்டேஷன்களை விரித்து வைத்துக்கொண்டு, "நீயே சொல், மாப்பிள்ளை" என்றார்.

இரண்டும் ஒரே கார்தான். நடுத்தர மாடலில் ஆறு ஏர்பேக்கும், வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இஎஸ்சியும் உண்டு. டாப் மாடலில் அவற்றோடு, ரேடாரும் கேமராவும் சேர்ந்து சாலையைக் கவனித்து ஓட்டுநருக்கு உதவும் அடாஸ். விலையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். மூன்றாவது கட்சி ஒன்றும் இருந்தது, அக்காவுடையது: "இருக்கிற காருக்கு என்ன குறை? நன்றாகத்தானே ஓடுகிறது?"

அக்காவை முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. 2012இல் வாங்கிய அந்தக் காரில், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்சும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. அன்று அவை கட்டாயமும் இல்லை. புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். ஐப்பசி மழையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பழைய காரின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்தோடு ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். ஏபிஎஸ் நொடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டுப் பிடிப்பதால், மிதித்த கால் மிதித்தபடியே ஒதுங்கிப் போகலாம். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதிருந்தால் போதும். பழைய கார் இத்தோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது.

மீதி இரண்டையும் நான் சாலையை வைத்துத்தான் ஒப்பிட்டேன். அத்தான் வாரம் இரண்டு முறை வியாபாரத்துக்காக நாகர்கோவில் போவார். வாரம் ஒருமுறை களக்காட்டு வாழைத் தோட்டத்துக்கு.

நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் அடாஸுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 27 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பின்விளக்கு எரியாமல் ஊர்ந்து போகும் லாரியைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் பாதித் தூரம் கரைந்துவிடும். ரேடாருக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. முதலில் எச்சரிக்கும், மிதிக்காவிட்டால் தானே பிரேக் போடும். மோதல் தப்பாவிட்டாலும் வேகம் குறைந்திருக்கும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகிவிடும். ஓரத்தில் அசையாமல் நிற்கும் லாரியை அது எப்போதும் கண்டுகொள்ளும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓடும் வண்டியைப் பிரித்தறிவது ரேடாருக்கு எளிது, நிற்கும் வண்டி சற்றுக் கடினம்.

ஆனால் அதே சாலையில் வள்ளியூர் தாண்டி, பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடி மாதத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே பயமுறுத்துவது காற்று. லாரியை முந்தும்வரை அதன் உடம்பு காற்றை மறைத்துக் கொடுக்கும். முன்னே எட்டிப் பார்த்ததும் பக்கவாட்டில் ஒரே அறை. கை தன்னால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டும், வால் வீசும். இந்த இடத்தில் காப்பாற்ற வருவது இஎஸ்சி. ஸ்டீயரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் திசையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். 1995இல் ஜெர்மனியின் சொகுசுக் காரில் வந்த சங்கதி இது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும், 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டில், இது இல்லாமல் மூன்று நட்சத்திரம்கூடக் கிடைக்காது. நமக்கோ நடுத்தர மாடலிலேயே கிடைக்கிறது.

இனி களக்காட்டுச் சாலை. ஓரக்கோடு என்று ஒன்று இருந்தால்தானே தடம் மாறினால் கேமரா எச்சரிக்கும்? காரையும் ஆளையும் பைக்கையும் அடையாளம் காணப் பழக்கப்பட்ட கருவி அது. திடீரென்று குறுக்கே பாயும் வெள்ளாட்டை அது நம்பகமாக அறியாது. குறுக்காக வாழைத்தார் கட்டிய பைக் ஒவ்வொன்றும் உரசுவதுபோல் கடக்கையில் அது அலறும். அத்தானின் பொறுமை எனக்குத் தெரியும். இரண்டாம் நாளே அணைத்துவிடுவார். அணைத்து வைப்பதற்கு இரண்டு லட்சமா?

நடுத்தர மாடல் என்று சொல்லிவிட்டேன். கூடவே பழைய காருக்குள் போய், டிரைவர் சீட் பக்கத்தில் செருகியிருந்த கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பெல்ட் போடாமலேயே எச்சரிக்கைச் சத்தத்தை அடக்கும் கொக்கி. இதை விற்பனையிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இணையக் கடைகளுக்கு உத்தரவிட்டது. அத்தான் அதற்கு முன்பே வாங்கிவிட்டார். ஏர்பேக் விரிய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான். பெல்ட் இல்லாமல் முன்னே பாய்ந்து வரும் முகத்தை அது அடிக்கும். ஆறு இருந்தென்ன, பத்து இருந்தென்ன?

"பின்சீட்டில் நானுமா பெல்ட் போட வேண்டும்?" என்றார் ஆச்சி. ஆமாம், சட்டம் பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான்.

கார் வந்த அன்று அத்தான் நேரே சீட் கவர் கடைக்குத்தான் போனார். ஓரம் முழுவதும் தைத்து மூடிய கவர் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும் என்றேன். கடைக்காரர் பேசாமல் உள்ளே போய், அந்த இடத்தில் நூல் இளக்கித் தைத்த வேறொரு கவரை எடுத்து வந்தார். விலை நூற்றைம்பது ரூபாய் கூடுதல். அத்தான் அதற்குத்தான் பேரம் பேசினார்.