கால் பிறேக் பெடலுக்கு எது: கழிவு ஒயிலா, ஸ்பிரேயா, கிறீஸா?

போன மாரியில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஐயா ஒருவர் என்னை முந்தி வந்து, "தம்பி, பிறேக் லைட் அணையாமலே எரிகிறது" என்றார். இறங்கிப் பார்த்தால், மிதித்த பெடல் மேலே திரும்பவில்லை. பின் சில்லின் பிறேக் டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. வீட்டில் பெடலைக் கழற்றினேன். அச்சைச் சுற்றிக் கிரவல் புழுதியும் எண்ணெயும் குழைந்து செங்கல் நிறத்தில் அப்பியிருந்தது. விரலிடுக்கில் தேய்த்தேன், அரத்தூள் போல நறநறத்தது.

அது நான் விட்ட கழிவு ஒயில். காசில்லாமல் கிடைக்கிறது, விட்ட அன்று பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது. ஆனால் எஞ்சினில் ஓடிய ஒயிலில் கரியும் நுண்ணிய உலோகத்தூளும் ஏற்கெனவே இருக்கின்றன. அதோடு நம் செம்மண்ணும் சேர்ந்தால் அச்சை அராவிவிடும். இதை அடியோடு விட்டுவிட்டேன்.

ஸ்பிரே வேறு வகை. டபிள்யூ.டி.-40 1953இல் நீரை விலக்குவதற்காக உருவானது. பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. வயற்சேற்றில் நனைந்து இறுகிய கியர் பெடலை இளக்க அது மிக நல்லது. எஞ்சுவது மெல்லிய படலம்தான். மாரி மழைக்கு அது நிற்காது. பிறேக் பக்கம் அடிக்கும்போது கவனம் தேவை: டிரம்முக்குள் போனால் பிறேக் பிடிக்காது.

கிறீஸுக்குத்தான் மெனக்கெட வேண்டும். பெடலைக் கழற்றி, அச்சை மண்ணெண்ணெயில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லிதியம் கிறீஸை மெல்லியதாகப் பூசவேண்டும். பிதுங்கி வெளியே வந்ததை விடாமல் துடைத்தெடுங்கள். புழுதி ஒட்டுவது அதில்தான். காலபோக விதைப்புக்கு முன் ஒருமுறை, அறுவடை முடிந்து ஒருமுறை செய்கிறேன். அரை மணி நேர வேலை. கிளச் லீவரின் ஆணிக்கும் இதே கிறீஸ்தான்.

இரண்டு இடங்களில் மட்டும் அது கூடாது. கிளச் கேபிளுக்குள் கிறீஸ் இறங்காது. மேல் நுனியில் புதிய மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே வடியும்வரை தூக்கிப் பிடிக்கவேண்டும். டிஸ்க் பிறேக் லீவர் பிஸ்டனைத் தள்ளும் இடத்தில் ரப்பர் இருக்கிறது. சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும், அங்கே சிலிக்கன் கிறீஸ் மட்டுமே.

பூட்டிய பிறகு, பிறேக் பிடிக்கத் தொடங்குமுன் பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, வண்டியோடு தந்த கையேட்டோடு ஒப்பிடுங்கள். பல சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர். கடைசியாகப் பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். விட்டவுடன் பிறேக் லைட் அணையவேண்டும்.