கேரவனுக்குச் சர்ஜ் பாதுகாப்பு: வடபழனிப் பட்டறை ஒன்றில் செய்துகொண்ட வேலை

கடந்த ஐப்பசியில் ஏலகிரியில் ஒரு விடுதி வளாகத்தில் எங்கள் கேரவனை நிறுத்தி, அவர்கள் காட்டிய பிளக்கில் கேபிளைச் செருகிவிட்டு உறங்கிய இரவில் இடி விழுந்தது. வண்டியின் மேல் அன்று. சற்றுத் தொலைவில், மின்கம்பி செல்லும் பக்கமாக. இன்வெர்ட்டரின் சார்ஜரும் ஃபிரிட்ஜின் போர்டும் கருகிப்போக அதுவே போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும், சர்ஜ் எனப்படும் திடீர் மின்னழுத்த எகிறலிலிருந்து கருவிகளைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை முன்பே வாங்கி மாட்டியிருந்தோம். அது ஏன் காப்பாற்றவில்லை என்பதைச் சென்னைக்குத் திரும்பிய பின், வடபழனியில் படப்பிடிப்புக் கேரவன்களுக்கு ஒயரிங் செய்யும் ஒரு சிறு பட்டறையில்தான் அறிந்துகொண்டேன்.

அங்கிருந்த மூத்த எலக்ட்ரீசியன் எந்தப் பொருளையும் விற்க முனையவில்லை. "அந்த பிளக்குல எர்த் இருந்துச்சா சார்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. நான் பார்த்திருக்கவில்லை. புரொடெக்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர், வழக்கமான 230 வோல்ட்டில் மின்சாரத்தைக் கடத்தாமல் நிற்கும். அழுத்தம் வரம்பை மீறியதும் நானோ நொடிகளில் கடத்தியாக மாறி, மிகுதியை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் துளை பெயரளவுக்கு மட்டும் இருக்குமானால், அந்த மிகுதி நம் கருவிகளுக்குள்ளேயே வழி தேடும்.

மின்சாரம் வண்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெட்டி அமைத்து, மின்னோட்டம் அளவுமீறினால் துண்டிக்கும் இரு முனை எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்கம்பி வழியே வரும் பாய்ச்சலுக்கான இரண்டாம் வகை சர்ஜ் புரொடெக்டர் ஆகியவற்றோடு ஒரு வோல்டேஜ் ரிலேயையும் பொருத்தினார்கள். ரிலே எதற்கு என்று கேட்டேன். மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் ஒரு முனையில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கி அப்படியே நீடிக்கக்கூடும். மைக்ரோ நொடிகளில் முடியும் பாய்ச்சலுக்காகச் செய்யப்பட்ட வேரிஸ்டர் அதில் எரிந்துவிடும் என்பதால், 270 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே முழு இணைப்பையும் துண்டிக்கிறது. சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டுத் தடித்த செம்புக் கம்பியால் எர்த்தை இணைத்த பொறுமையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

ஒரு பிழையும் நேர்ந்தது. முதல் நாள் புரொடெக்டரைப் பெட்டியின் ஓரத்தில் வைத்து, ஒரு மீட்டருக்கும் மேலான கம்பியைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். நேர்க்கம்பியிலேயே, மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் தூண்டல் மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி உண்டு. மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறினால் அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட் கூடுதலாகத் தோன்றும், அதுவும் கருவிகளின் மேல்தான் விழும். மொத்தக் கம்பி அரை மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று சுட்டிக்காட்டியதும், மறுப்பேதும் சொல்லாமல் அனைத்தையும் கழற்றி மறுநாள் சீராக அமைத்துக் கொடுத்தார்கள்.

இவ்வளவு செய்த பிறகும், நேரடியாக விழும் மின்னலுக்கு இந்தப் பெட்டி ஈடுகொடுக்காது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ரப்பர் டயர் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு அரையடி ரப்பர் ஒரு தடையே அன்று. காப்பது வண்டியைச் சுற்றியுள்ள உலோகக் கூடு. எங்கள் வண்டியின் கூரையை உயர்த்தி ஃபைபரில் மாற்றியிருப்பதால், இடி மழையில் முன்பக்க இரும்புக் கேபினில் அமர்ந்து, உலோகப் பாகங்களைத் தொடாமல் இருக்கும்படி அறிவுறுத்தினார்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கேபிளை அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

பொருளும் கூலியும் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. ஒயரிங் வரைபடம் கேட்ட பிறகே கையால் வரைந்து தந்தார்கள். அதைத் தாமாகவே தரும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மூன்று விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்ற மாதம் ஜவ்வாது மலையில் ஒரு தோட்டத்து பிளக்கில் அதைச் செருகியபோது எர்த் இல்லை என்று காட்டியது. கேபிளை வெளியே எடுக்கவே இல்லை. மின்விசிறி ஒன்றை மட்டும் பேட்டரியில் ஓட்டி இரவைக் கழித்தோம்.

சோலார் பேனலிலிருந்து வரும் டி.சி. கம்பிக்குத் தனி புரொடெக்டர் வேண்டும் என்று அப்போதே சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அந்த வேலைக்கும் இதே பட்டறையில் நாள் குறித்திருக்கிறோம்.