அச்சா, மேடையா? பால்புதுமையர் ஆய்வில் நேர்காணலுக்கு இரு வழிகள்

பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபடும் பால்புதுமையரின் (குயர்) வாழ்வைப் பற்றி, எண்களைவிட அனுபவங்களை முதன்மைப்படுத்தும் பண்புசார் ஆய்வு மேற்கொள்பவர், நேர்காணல்களைச் சேகரித்து முடித்ததும் அவற்றை நூலாக்குவதா, மேடையில் நிகழ்த்துவதா என்று முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் இ. பேட்ரிக் ஜான்சன் இரண்டையும் செய்து பார்த்தவர் என்பதால், அவருடைய பணியிலிருந்தே இவ்விரு வழிகளையும் எடைபோடலாம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வாழும் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாய்மொழி வரலாறுகளை அவர் 2008-இல் 'ஸ்வீட் டீ' என்ற நூலாக வெளியிட்டார். கதைசொல்லிகளில் இளையவருக்கு வயது 19; மூத்தவருக்கு 93. சிறிய ஊரில் வாழ்பவரின் பெயரை மாற்றி அடையாளத்தை மறைக்க அச்சு இடம் தருகிறது. இன்னொரு ஆய்வாளர் அதே பக்கத்தைத் திரும்பப் படித்து மறுக்கவும் முடிகிறது. ஆனால் அந்த நூலில் முக்கிய இடம்பெறும் கறுப்பினத் தேவாலய வாழ்வை எடுத்துக்கொள்வோம். பாடகர் குழுவில் இருப்பவர் தன்பாலீர்ப்பாளர் என்று சபையாருக்குத் தெரியும், தெரிந்தும் பேசமாட்டார்கள். அதைச் சொல்லும்போது ஒருவர் எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லுக்கு முன் குரலைத் தாழ்த்துகிறார் என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. எழுத்துப்படியிலோ அது அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று சுருங்கிவிடுகிறது.

நிகழ்த்துகலை ஆய்வாளர் ஹோசே எஸ்டபான் முனோஸ் 1996-இல் எழுதிய கட்டுரை இந்த இழப்பைக் கோட்பாட்டு நிலையில் விளக்கியது. வெளிப்படையான சான்று பால்புதுமையருக்கு எதிராகவே பயன்பட்டு வந்ததால், அவர்களுடைய வரலாறு சாடைப் பேச்சிலும் உடலசைவிலும் எஞ்சியிருக்கிறது என்பது அவர் வாதம். இதை ஏற்றால் மேடையே பொருத்தமான வழி என்று தோன்றும். ஜான்சனும் தாம் நேர்கண்டவர்களின் கதைகளைத் தனியொருவராக மேடையில் நிகழ்த்தினார்.

இங்கேதான் எனக்குத் தயக்கம். சிகாகோவில், தென்கிழக்காசியாவிலிருந்து வந்த லாவோ, மொங் இன அகதிகளிடையே களப்பணி செய்து, அவர்களுடைய கதைகளைத் தாமே நிகழ்த்திய டுவைட் காங்கர்குட், 1985-இல் நான்கு தவறுகளைச் சுட்டிக்காட்டினார்: பிறர் கதையைத் தன் ஆதாயத்துக்காகச் சுரண்டுவது, ஆழம் தெரியாமல் அதில் மயங்குவது, அவர்களை வேடிக்கைப் பொருளாக்குவது, எனக்கு இதில் உரிமையில்லை என்று ஒதுங்கிக்கொள்வது. கடைசியையே அவர் மிக மோசமானதாகக் கருதினார். அது ஆய்வாளரின் நேர்மையைப் பற்றிய வாதம் என்ற அளவில் சரியே. ஆனால் அடையாளம் வெளிப்பட்டால் வேலையையும் வீட்டையும் இழக்கக்கூடிய கதைசொல்லியின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒதுங்குவதைவிடச் சுரண்டலே பெருந்தீங்கு. ஜான்சனும் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்தான். அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்கள் இந்த வழியைப் பின்பற்றினால், பேச்சுநடையும் நளினமும் கைதட்டலுக்கான பண்டங்களாகிவிடும்.

ஆய்வாளர் தன் வாழ்வையே தரவாக்கும் தன்-இனவரைவியல் இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. ஆனால் அதில் மற்றவர்களின் குரல் அருகிப்போகிறது.

தமிழில் ரேவதி சென்ற பாதை இம்மூன்றையும்விட எனக்கு நம்பிக்கை தருகிறது. திருநங்கையான அவர் முதலில் தம் சமூகத்தாரை நேர்கண்டு, 2004-இல் 'உணர்வும் உருவமும்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அவருடைய தன்வரலாறு 2010-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், அதற்குப் பின் தமிழில் 'வெள்ளை மொழி'யாகவும் வெளிவந்தது. பிறகு அ. மங்கையின் இயக்கத்தில் அதைத் தாமே மேடையில் நிகழ்த்தினார். பிறருடைய கதைகள் அச்சில் நின்றன. தம்முடைய கதையை மட்டுமே தம் உடலால் சொன்னார்.

எல்லாக் கதைசொல்லிகளாலும் மேடையேற இயலாது, ஏற விரும்பவும் மாட்டார்கள். ஆகவே முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் அச்சையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மேடைக்கு எடுத்துச் செல்வதானால், நேர்காணலுக்குப் பெற்ற ஒப்புதல் போதாது. நிகழ்த்துவதற்கென்று தனி ஒப்புதல் பெற வேண்டும், ஒத்திகையைக் கதைசொல்லிக்குக் காட்ட வேண்டும், அவர் வேண்டாமென்று சொல்லும் காட்சியைக் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும்.