தாஹானா, கோர்புவா: மூன்று பாதைகளும் ஒரு முழங்காலும்

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலை தாஹான், 2187 மீட்டர். அதற்கு அடுத்தது கோர்பு, 2183. இடையில் இருப்பது 4 மீட்டர்தான். ஒரு மாடி வீட்டின் உயரம். இதை வைத்து மலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் படம் எடுத்துப் போடுவதற்காக நடக்கிறவர்கள் என்பது என் கருத்து. நானும் நண்பனும் மூன்று சனிக்கிழமைகளாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வரைபடத்தை விரித்து வாதாடியது வேறொன்றைப் பற்றி. பாதி வழியில் ஒருவனுக்கு முடியாமல் போனால், எந்தப் பாதை இருவரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்? நண்பனின் வலது முழங்கால் ஃபுட்சால் ஆடிக் கெட்டது. ஏறும்போது வாயைத் திறக்காது. இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்கும்.

எங்கள் முன் இருந்தவை மூன்று. பஹாங் மாநிலத்தின் மெராப்போ என்ற சிற்றூர்ப் பக்கம் ஏறி, தாஹான் உச்சியைத் தொட்டு, அதே வழியில் திரும்புவது. மெராப்போவில் ஏறி, மலையின் மறுபக்கத்திலுள்ள குவாலா தாஹான் என்ற ஊருக்கு இறங்குவது. மூன்றாவது, தித்திவங்சா மலைத்தொடரின் ஒரு துண்டு: கேமரன் மலையின் புளூ வேலியில் தொடங்கி யோங் பெலார், காயோங், கோர்பு என்று முகட்டோடு நடந்து, ஈப்போவை அடுத்த உலு கிந்தாவில் முடிவது.

இரண்டாவதை முதலிலேயே தள்ளிவிட்டேன். உச்சியிலிருந்து குவாலா தாஹானுக்கு மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல். மொத்தம் ஏழு நாள் ஒதுக்க வேண்டும். வழியிலுள்ள குவாலா தேக்கு முகாமுக்குக் கீழே பாதை தாஹான் ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்கிறது. மேலே மழை பெய்தால் ஆறு பெருகும், தண்ணீர் வடியும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் இருவரின் முதலாளிகளும் ஆறு வடியும்வரை பொறுக்கிறவர்கள் அல்லர்.

மிஞ்சிய இரண்டில் மெராப்போ சுலபமானது என்று பலர் சொல்வார்கள். சுலபம் என்பது தவறான சொல். சுங்கை ரெலாவ் நுழைவாயிலிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் ஜீப்பில் போய்க் குவாலா ஜுராமில் இறங்கினால், அங்கிருந்து உச்சிக்கு ஏற்றம், மறுபடியும் ஏற்றம். மூன்று நான்கு நாள் வேலை. ஆனால் இந்தப் பாதைக்கு ஒரு நற்குணம் உண்டு. திரும்பும் வழியும் அதுவே என்பதால், எந்த இடத்தில் நின்றாலும் பின்னால் இருப்பது ஏற்கெனவே தெரிந்த தரை. முழங்கால் இரண்டாம் நாள் மறுத்தால் இரண்டாம் நாளே திரும்பலாம். கூடாரத்தையும் கொஞ்சம் அரிசியையும் வழியில் மறைத்து வைத்துவிட்டு இலகுவாக உச்சிக்குப் போய் வரலாம். தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருவதால் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். புறப்படும்போது பையிலிருக்கும் பொருள்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, திரும்பியதும் குப்பையைச் சரிபார்ப்பார்கள். மேகி உறைகளைப் பத்திரப்படுத்த நேர்வது எரிச்சல்தான். அதனால்தான் காடு காடாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலே போனதும் மரங்கள் இடுப்பளவுக்குக் குறுகிவிடுகின்றன. தாஹான் தொடர் குவார்ட்சைட்டும் மணற்கல்லும் கொண்டது, அந்த மண்ணில் சத்துக் குறைவு. திறந்த வெளியும் காற்றும் தூரத்துக் காட்சியும் அங்கே கிடைக்கும். தித்திவங்சா கருங்கல் மலை. அதன் முகட்டில் மேகம் தங்கி, வேரும் கிளையும் பாசி போர்த்தி நிற்கும். காட்சி குறைவு, சேறு மிகுதி. எனக்குப் பிடித்தது அந்தச் சேறுதான்.

நண்பனுக்கும் அதுவே பிடித்திருந்தது, காரணம் மட்டும் வேறு. அவன் தாத்தா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். "தாத்தா தினமும் அண்ணாந்து பார்த்த மலையில் நான் ஒரு முறையாவது நிற்க வேண்டாமா?" என்று கேட்டான். அதற்கு எந்த அட்டவணையிலும் மறுமொழி இல்லை.

ஆனால் முகட்டுப் பாதையில் தண்ணீர் அரிது. ஊற்றுக்கு ஊற்று இடைவெளி நீளம். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றாலே மூன்று கிலோ, அதுவும் 15 கிலோ பையின் மேல். நடுப்பகுதியில் யோங் பெலாரைத் தாண்டி, கோர்புவை எட்டாத இடத்தில் ஒருவன் உட்கார்ந்துவிட்டால், முன்னால் போனாலும் பின்னால் போனாலும் மலைதான்.

திசை அதைவிடச் சிக்கல். புளூ வேலியில் தொடங்கினால் வண்டியே பாதி உயரத்துக்கு ஏற்றிவிடும், முதல் நாள் இனிக்கும். விலையைக் கடைசியில் கொடுக்க வேண்டும்: கோர்பு உச்சியிலிருந்து உலு கிந்தா அடிவாரம்வரை 1800 மீட்டருக்குக் குறையாத இறக்கம், பல நாள் நடந்து தளர்ந்த காலோடு. கெட்ட முழங்காலுக்கு இதைவிடக் கொடிய முடிவு வேண்டாம். உலு கிந்தாவில் தொடங்கினால், எல்லா நாளின் அரிசியும் முதுகில் கனக்கும்போதே அந்த உயரத்தை ஏற வேண்டும். ஆனால் இறுதி இறக்கம் குறுகியது. நான் உலு கிந்தாவில் தொடங்குவதைத்தான் சொல்வேன். சுமை நாளுக்கு நாள் குறையும். முழங்கால் நாளுக்கு நாள் தேறுவதில்லை.

போக்குவரத்து பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மெராப்போவுக்குக் குவா மூசாங் சாலையில் சொந்தக் காரில் போய்த் திரும்பலாம். முகட்டுப் பாதை தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் ஒன்று என்பதால் காரை ஈப்போவில் விட்டு, சிம்பாங் பூலாய் சாலை வழியாக வேன் பேச வேண்டும். யோங் பெலார் பேராக், கிளந்தான் என்ற இரு மாநிலங்கள் சந்திக்கும் எல்லை மலை. அதனால் வனத்துறை அனுமதிகளை வழிகாட்டியின் பொறுப்பில் விடுவது நிம்மதி.

தீபாவளி விடுமுறையோடு சேர்த்துப் போகலாம் என்ற யோசனையை இரண்டு மலைகளும் ஒரே குரலில் நிராகரிக்கின்றன. அக்டோபர், நவம்பரில் மேற்குப் பக்கம் மழை உச்சத்தில் இருக்கும். நவம்பரிலிருந்து தாஹான் பக்கம் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் என்று முடிவு செய்தோம்.

இம்முறை மெராப்போ. தாத்தாவின் மலை தள்ளிப்போனதில் நண்பனுக்கு வருத்தம். முழங்கால் தாஹான் இறக்கத்தைத் தாங்கிவிட்டால், அடுத்த ஆண்டு உலு கிந்தாவிலிருந்து ஏறலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை பயிற்சி. பத்துமலையின் 272 படிகளைப் பையோடு ஐந்து முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். பக்தர்கள் எங்களை ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள். வரும் சனிக்கிழமை நுவாங் மலை, 1493 மீட்டர், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரோடு. இறங்கும்போது அவன் முன்னால், நான் பின்னால். பானை என் பையில்.