மக்கள் அடர்த்தி: நாட்டு சராசரியா, விளைநில கணக்கா, வெயிட்டட் கணக்கா?

ஒரு நாட்டுல ஜனங்க எப்படி ஒரு மூலையில நெருக்கியடிச்சும் இன்னொரு பக்கம் ஈ காக்கா இல்லாமலும் இருக்காங்கன்னு ஒரே டேபிள்ல காட்டுற வேலை ஒண்ணு சமீபத்துல என் தலையில விழுந்துச்சு. அடர்த்தின்னு எந்த நம்பரை போடுறதுங்கிறதே பெரிய குழப்பம், ஏன்னா மூணு விதமா கணக்கு போடலாம், மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி வருது. கடைசியில நான் எடுத்தது வெயிட்டட் அடர்த்தி, அதாவது நிலத்தை வெச்சு இல்லாம ஆளுங்கள வெச்சு சராசரி எடுக்குறது. அதனால இந்த அலசல் அந்த பக்கம் சாஞ்சு தான் இருக்கும், முன்னாடியே சொல்லிடுறேன்.

முதல்ல சாதா சராசரி. மொத்த ஜனத்தொகையை மொத்த பரப்பளவால வகுத்தா முடிஞ்சுது, எந்த நாட்டுக்கும் ரெடிமேடா கிடைக்கும், யாரும் எதிர்கேள்வி கேக்க மாட்டாங்க. பிரச்சனை என்னன்னா அந்த நம்பர்ல யாரும் வாழறதில்ல. எகிப்துக்கு சதுர கிலோமீட்டருக்கு நூத்தி சொச்சம் பேர்னு வரும், நிஜத்துல சுமார் 95 சதவீதம் பேர் நைல் கரையிலயும் டெல்டாவுலயும் இருக்குற 5 சதவீத நிலத்துல தான் இருக்காங்க, மிச்சமெல்லாம் பாலைவனம். மங்கோலியாவுக்கு 2 பேர்னு வரும், ஆனா கிட்டத்தட்ட பாதி நாடு உலான்பாட்டர்ல குடியிருக்கு. சீனாவுல ஹூ ஹுவான்யோங்ங்கிற புவியியலாளர் 1935லயே வடகிழக்குலருந்து தென்மேற்குக்கு ஒரு கோடு போட்டு காட்டினார், கோட்டுக்கு மேற்கே 64 சதவீத நிலம், ஆனா 4 சதவீத ஜனம் தான். இன்னிக்கும் மேற்கு பக்கம் 10 சதவீதத்தை தொடலை, மழை குறைவு, மலை, மேட்டுநிலம்னு காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான்.

ரெண்டாவது விளைநில அடர்த்தி, அதாவது சாகுபடி நிலத்தால மட்டும் வகுக்குறது. எகிப்து இதுல 2,500க்கு மேல எகிறிடும். நிலம் எவ்ளோ பேருக்கு சோறு போடணும்ங்கிற கேள்விக்கு இது நல்ல நம்பர், மறுக்கலை. ஆனா சிங்கப்பூருக்கு போட்டு பாருங்க, விளைநிலமே இல்லாத ஊருல லட்சக்கணக்குல வந்து நிக்கும், அதை வெச்சு என்ன பண்றது? சாப்பாடு கப்பல்ல வருது. ஜனங்க எங்க குவிஞ்சிருக்காங்கங்கிற என் கேள்விக்கு இது பதிலே இல்லை, அதனால சீக்கிரமே ஒதுக்கிட்டேன்.

இப்போ வெயிட்டட். எல்லாம் ஒரே விஷயத்துல தான் நிக்குது, நாம எதுக்கு சராசரி எடுக்குறோம், நிலத்துக்கா ஆளுக்கா? சாதா கணக்குல ஒரு சதுர கிலோமீட்டர் காட்டுக்கும் ஒரு சதுர கிலோமீட்டர் நகரத்துக்கும் ஒரே ஓட்டு. வெயிட்டட் கணக்குல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஓட்டு, "உன்னை சுத்தி எவ்ளோ நெருக்கம்?"னு ஒவ்வொருத்தர் கிட்டயும் கேட்டு சராசரி எடுக்குற மாதிரி. பஸ் கம்பெனி கணக்குல பாதி சீட்டு காலின்னு இருக்கும், பயணிங்கள கேட்டா முக்கால்வாசி பேர் நின்னுட்டு தான் வந்தேன்னு சொல்வாங்க, ரெண்டும் பொய்யில்லை.

போட்டு பாத்தா நல்லா புரியும். ரெண்டு பகுதி, ரெண்டும் 10 சதுர கிலோமீட்டர், ரெண்டுலயும் 10,000 பேர். முதல் பகுதியில சதுர கிலோமீட்டருக்கு 1,000 பேர்னு சமமா பரவி இருக்காங்க. ரெண்டாவதுல ஒரே ஒரு சதுர கிலோமீட்டர்ல 9,100 பேர், மிச்ச ஒன்பதுல தலா 100. சாதா சராசரி ரெண்டுக்குமே 1,000. வெயிட்டட் போட, பகுதியை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்தோட அடர்த்தியையும் அங்க இருக்குற ஆளுங்களால பெருக்கி, கூட்டி, மொத்த ஆளுங்களால வகுக்கணும் (எக்செல்ல ரெண்டு நெடுவரிசை, ஒரு சம்-ப்ராடக்ட், அவ்ளோ தான்). முதல் பகுதிக்கு அதே 1,000, ரெண்டாவதுக்கு 8,290. இந்த வித்தியாசத்தை தான் நான் தேடிட்டு இருந்தேன்.

நிஜ உதாரணம் வேணும்னா அமெரிக்கா. 2010 சென்சஸ்ல நகர்ப்புற பகுதியை மட்டும் எடுத்து சாதா சராசரி போட்டா லாஸ் ஏஞ்சலஸ் சதுர மைலுக்கு சுமார் 7,000, நியூயார்க் சுமார் 5,300, அதாவது லாஸ் ஏஞ்சலஸ் தான் அதிக நெருக்கம்! நியூயார்க்கோட அகலமான புறநகர் எல்லாம் சேந்து சராசரியை இழுத்துடுது. அதே சென்சஸ்ல, மெட்ரோ பகுதிக்கு வெயிட்டட் போட்டப்போ நியூயார்க் 31,000 சொச்சம், லாஸ் ஏஞ்சலஸ் 12,000 சொச்சம். இதை பாத்தப்புறம் எனக்கு ரெண்டாவது யோசனையே வரலை.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. கட்டத்தோட சைஸை மாத்தினா விடையே மாறிடும். மேல சொன்ன ரெண்டாவது பகுதியை பத்து கட்டமா பிரிக்காம ஒரே கட்டமா எடுத்தா 8,290 போய் மறுபடி 1,000 தான் வரும். அதனால ஒரு நாட்டுக்கு மாவட்ட வாரியாவும் இன்னொரு நாட்டுக்கு வார்டு வாரியாவும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சா அது ஒப்பீடே இல்லை. மாவட்டத்தை ரெண்டா பிரிச்சாலே ஒரு ஆளு கூட இடம் மாறாம வெயிட்டட் அடர்த்தி ஏறிடலாம்.

அதுக்கு நான் பண்ணது, நிர்வாக எல்லையை விட்டுட்டு 1 கிலோமீட்டர் கிரிட் டேட்டா, அதாவது நிலத்தை ஒரே சைஸ் கட்டங்களா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் எத்தனை பேர்னு சொல்றது, எடுத்தது. ஐரோப்பிய ஆணையத்தோட ஜிஎச்எஸ்எல் (உலகம் முழுக்க குடியிருப்பு எங்க இருக்குன்னு காட்டுற டேட்டா) மாதிரி இலவசமா கிடைக்குறது இருக்கு, சென்சஸ் எண்ணிக்கையை சாட்டிலைட்ல தெரியுற கட்டடங்கள் மேல பிரிச்சு போடுறாங்க. பெரிய நகரங்களுக்கு நான் பாத்த வரைக்கும் நம்பலாம் போல தான் இருக்கு. சிதறிக் கிடக்குற கிராமங்கள், மேய்ச்சலுக்கு இடம் மாறிட்டே இருக்குறவங்க, சென்சஸே பல வருஷமா எடுக்காத நாடுங்க, இங்கெல்லாம் அது ஒரு மாடலோட யூகம் தான், அந்த ஏரியாவுல நான் அதிகம் புழங்கலை, அடிச்சு சொல்ல மாட்டேன்.

டேபிள்ல இப்போ ரெண்டு நெடுவரிசை வெச்சிருக்கேன், வெயிட்டட் முதல்ல, சாதா சராசரி பக்கத்துல, தலைப்புலயே "1 கி.மீ. கட்டம்"னு போட்டு.